சுத்தம் செய்த அழைப்புகள்

"ஆராய்ச்சியை விட்டுட்டுக் கையெழுத்துப் போடப் போனீங்க. இப்ப அதையும் போட மாட்டேங்கறீங்க. என்னதான் மேடம் பண்றீங்க இங்க?"

இளம்பரிதி உள்ளே நுழைந்ததும் கேட்டது இதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

எஸ்தர் அவனுடைய பழைய பேராசிரியர். மனிதர் பேசுவதைக் கணினிக்குப் புரியவைக்கும் வேலையில் பாதி ஆயுள் போனது. இப்போது அரசின் தொழில்நுட்பக் கொள்கைக் குழுவில் இருக்கிறார்.

அவன் செய்த மென்பொருள் ஆம்புலன்ஸ் எண்ணுக்கு வரும் அழைப்பை எடுக்கும். விலாசம் கேட்கும். வண்டி அனுப்பும். நடுவில் ஆளே தேவையில்லை.

திங்கள்கிழமை தொடக்க விழா. பந்தல் போட்டாச்சு. அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியா புரிஞ்சுக்குது மேடம். உங்க காலத்துல எழுபது வந்தாலே கேக் வெட்டுவீங்க."

"வெட்டினோம். கேக் நல்லா இருந்துச்சு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எதை வெச்சு சோதிச்ச?"

"ஆம்புலன்ஸுக்கு வந்த பழைய அழைப்புங்கதான். சுத்தம் பண்ணிட்டு."

"சுத்தம்னா?"

"இரைச்சல், அழுகை, திக்கறது, மூச்சு வாங்கறது, இதெல்லாம் இருக்கற அழைப்புங்களை நீக்கிட்டோம். எல்லாரும் பண்றதுதானே. நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்."

"ஆமா, நான்தான்."

எஸ்தர் கையெழுத்துக்காக மேஜையில் இருந்த கோப்பைத் திறந்தார். உடனே மூடினார்.

"கண்ணாடியைக் கார்லயே விட்டுட்டேன். ஓடிப்போய் எடுத்துட்டு வா. அது இருந்தாத்தான் படிக்க முடியும்."

நான்காவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. அரசுக் கட்டடம், வேறென்ன.

கையெழுத்து வேண்டுமே. ஓடினான். ஓடியே திரும்பி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

எஸ்தர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார். கோப்பைத் தொடவில்லை. மேஜையில் இருந்த போனை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் மென்பொருளின் சோதனை எண்ணுக்கு அழைப்பு போய்க்கொண்டிருந்தது.

"உன் வீட்டு விலாசத்தைச் சொல்லு."

"வணக்கம். எங்கே வர வேண்டும்?" என்றது போன். கனிவான குரல். அவன் தேர்ந்தெடுத்ததுதான்.

"பதி... பதினேழு... கால்வா... கால்வாய்க்கரைத்..."

"மன்னிக்கவும். தெளிவாகச் சொல்லுங்கள்."

"பதினேழு... கா... கால்..."

"மன்னிக்கவும். தெளிவாகச் சொல்லுங்கள்."

அவன் மேஜையைப் பிடித்துக்கொண்டான். வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

"அழைத்ததற்கு நன்றி" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தது.

"மேடம்... ரெண்டே நிமிஷம்... மூச்சு விட்டுட்டு... சொல்றேன்..."

எஸ்தர் ஒரு நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார்.

"உட்காரு. மெதுவா சொல்லு. ஆம்புலன்ஸ்தானே."