அத்தி மரமும் இயற்கை உருண்டையும்

ஆற்றங்கரைக் காட்டில் பூவாத்தாள் என்ற மந்திக்கு ஓர் அத்தி மரம் சொந்தம். அதன் மேல் மாரப்பன் நரிக்கு ஒரு கண்!

ஒரு நாள் நரி, சிவப்பாக மினுமினுக்கும் உருண்டைகளைத் தேக்கிலையில் பொதிந்துகொண்டு வந்தது.

"அக்கா, இது இயற்கை உருண்டை! அத்தனையும் பழம்! தினம் ஒரு பொட்டலம் தர்றேன். மரத்தை என்கிட்ட விட்டுடு!"

"பழந்தான் என்கிட்டயே இருக்கே?"

"உன் பழத்துல எறும்பு, புழு! இதுல ஒண்ணு காட்டு, பார்ப்போம்!"

மந்தி மயங்கியது. காட்டு வழக்கப்படி ஓர் இலைக்கு அடியில் வாலோடு வால் பிடித்துப் பேரம் முடித்தன.

மந்தியின் குட்டி சுப்பானுக்கு உருண்டை அப்படி இனித்தது. வேறு எதையும் தொட மறுத்தது. வயிறு உப்பியது. கை கால் சோர்ந்தது. மழை வந்தால் கரையெல்லாம் வெள்ளம்; அதற்குள் ஆற்றைத் தாவி மேட்டுக் காட்டுக்குப் போயாக வேண்டும். சுப்பானோ பக்கத்துக் கிளைக்குத் தாவப் போய்ப் பொத்தென்று புதரில் விழுந்தது!

மந்திக்குக் கோபம் பொங்கியது. குட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தி மரத்தடிக்குப் பாய்ந்தது. அங்கே நரி உதிர்ந்த பழங்களை வாய் நிறைய அள்ளித் தின்றுகொண்டிருந்தது!

"அடேய்! உருண்டையில என்னடா போட்டே?"

"பழந்தான்க்கா... காய்ஞ்ச தோலு, கொட்டைத் தூளு, வழிப்போக்கர் எறிஞ்ச மிட்டாய்ப் பாகு, கொஞ்சம் சாயம்..."

"இதுல பழம் எங்கடா?"

"வாசனைக்கு இருக்கே!"

சத்தம் கேட்டு மயிலும் முள்ளம்பன்றியும் ஓடி வந்தன. மந்தி அன்றைய உருண்டைப் பொட்டலத்தை நரியிடம் நீட்டியது.

"சரி, புதுப் பேரம்! மரம் உனக்கே. ஆனா பழத்தைத் தொடாதே. மழை வர்ற வரைக்கும் நீ இதையே தின்னு! சம்மதமா?"

நரி பின்வாங்கியது. "ஐயோ, வேணாங்க்கா! என் வயிறு தாங்காது!"

"என் புள்ள வயிறு மட்டும் இரும்பாடா?"

"மாரப்பா, உன் சரக்கு உனக்கே ஆகலியே!" என்று மயில் கெக்கலித்தது. நரி மரத்தையும் பேரத்தையும் விட்டுவிட்டு ஒரே ஓட்டம்!

சுப்பான் முதலில் அத்திப் பழத்தைத் துப்பியது. பசித்ததும் தின்றது, புழுவையும் சேர்த்து! மேகம் கறுத்த அன்று ஆற்றின் மேல் ஒரே தாவு. அக்கரைக் கிளை அதன் கையில்!

பொட்டலக்காரன் வாயால் எதுவும் இயற்கை உணவு ஆகிவிடாது. விளைந்தது விளைந்தபடி நம் வாய்க்கு வந்தால்தான் அது இயற்கை உணவு.