பூபாலன் சட்டைப் பையில இருந்த மாத்திரை

வாணியம்பாடியில தனகோட்டின்னு ஒருத்தர். தையல் மிஷின் ரிப்பேர் பண்றவர், வயசு ஐம்பத்தொண்ணு, சர்க்கரை உண்டு. ரெண்டு வருஷமா படுக்கையில உடம்பு சொன்ன பேச்சு கேக்கல. பல்லைக் கடிச்சுப் பாத்துட்டு, கடைசியில பொண்டாட்டி கலைவாணியைக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட போனார். ஒரு மாத்திரையை எழுதிக் குடுத்து, அதை எப்படிப் போடணும், போட்டா என்னென்ன பண்ணும், எதோட சேரவே கூடாதுன்னு டாக்டர் பொறுமையா சொன்னார். தனகோட்டி வெக்கத்துல ஃபேனையே பாத்துக்கிட்டு இருந்தார். காது குடுத்துக் கேட்டது கலைவாணிதான்.

வெளிய வந்ததும், "உங்க அண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு"ன்னார். பண்ணாங்க.

அண்ணன் பூபாலன் எப்படின்னா, யாரையும் ஒரு தடவை பாத்தா போதும். நடை, இருமல், கொட்டாவி வரைக்கும் அடுத்த கல்யாணப் பந்தியில நடிச்சுக் காட்டிடுவார். ஏற்கனவே மாரடைப்பு வந்தவர். நாக்குக்கு அடியில வைக்கிற நெஞ்சுவலி மாத்திரை எப்பவும் சட்டைப் பையில இருக்கும்.

ஒரு ஞாயித்துக்கிழமை மதியம். பிள்ளைங்க திருப்பத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போயாச்சு. தனகோட்டி மாத்திரையைப் போட்டார். பத்தாவது நிமிஷம் காலிங் பெல். பூபாலன், கையில மட்டன் பிரியாணி.

"என்ன மாப்ள, கதவைத் திறக்க இவ்ளோ நேரமா?"

சாப்பிட வச்சார். ரெண்டாவது தடவையும் தட்டுல போட்டார். காலை நீட்டி உக்காந்தவர் கிளம்பற வழியைக் காணோம். தனகோட்டிக்கு மூஞ்சி சிவந்துச்சு, மூக்கு அடைச்சுது, தலை விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. டிவியில போற வெள்ளை வேட்டி லேசா நீலமா தெரிஞ்சுது. எதுக்கு மாத்திரை போட்டாரோ அதைத் தவிர எல்லாம் நடந்துச்சு. கடைசியா நெஞ்சு எரிய, கையை அங்க வச்சார்.

பூபாலன் எழுந்துட்டார். "எனக்கும் இப்படித்தான் மாப்ள ஆரம்பிச்சுது. நாக்கைத் தூக்கு."

தூக்கினார். தூக்கிக்கிட்டே கலைவாணியைப் பாத்துக் கண்ணாலயே கெஞ்சினார், சொல்லிடாதேன்னு.

கலைவாணி பேசாம அண்ணன் கையைத் தட்டிவிட்டாங்க. மாத்திரை ஃபிரிட்ஜுக்கு அடியில உருண்டுது. பூபாலன் அசரல, இன்னொண்ணை உரிச்சார்.

"அண்ணா, வேணாம். இவர் ஆண்மைக்குறைவுக்கு மாத்திரை போட்டிருக்கார். ரெண்டும் சேந்தா பிரஷர் கிடுகிடுன்னு இறங்கிடும். ஆட்டோவைக் கூப்பிடு."

ஆஸ்பத்திரியிலயும் கலைவாணி முதல் பேச்சா அதைத்தான் சொன்னாங்க. ஈசிஜி சரியா இருந்துச்சு. மாத்திரையும் பிரியாணியும் சேந்து பண்ண எரிச்சல்.

வீட்டுக்கு வந்தா மூணு பேருக்கும் கோபம்.

"சத்தியம் பண்ணிட்டு மானத்தை வாங்கிட்டியே"ன்னார் தனகோட்டி.

"உசுரு காக்கற மாத்திரையைத் தட்டி விட்டா நான் என்னன்னு நினைக்கிறது? முன்னாடியே என் காதுல போட்டிருக்கலாம்ல"ன்னார் பூபாலன்.

கலைவாணி பிரியாணிப் பாத்திரத்தை டங்குன்னு வச்சாங்க.

இப்ப சொல்லுங்க, இந்த மூணு பேர்ல யார் கோபத்துல நியாயம் இருக்கு?

விடை: பாத்திரத்தை டங்குன்னு வச்ச கலைவாணி கோபத்துலதான். பூபாலன் பாசத்துல குடுத்தார், ஆனா என்ன சாப்பிட்டேன்னு கேக்காம குடுத்தார். தனகோட்டி மானத்துக்குப் பயந்தார், ஆனா டாக்டர் சொன்னப்ப ஃபேனைப் பாத்தார். கலைவாணி முதல்ல கையைத் தட்டி வாக்கைக் காப்பாத்திப் பாத்தாங்க. ரெண்டாவது மாத்திரை வந்தப்புறம்தான் வாயைத் திறந்தாங்க. சத்தியம் புருஷன் மேல பண்ணது, புருஷனே போயிட்டா அது யாருக்கு? இது பூபாலனுக்கும் புரிஞ்சுது. அடுத்த கல்யாணப் பந்தியில, பையில கைய விட்டு மாத்திரையை எடுத்து எடுத்து நீட்டற ஒரு அவசரக்காரனை நடிச்சார். யாரைச் சொல்றார்னு பந்தியில யாருக்கும் தெரியல. தனகோட்டி மட்டும் புரையேற சிரிச்சார்.