‘இல்லை’ என்றிருந்த கட்டம்

“மேடம், நாங்க தயார். நோயாளி விவரம் எழுத இன்னும் எதுக்குக் காகிதம்?”

இறுதியாண்டு மருத்துவ மாணவி ஜெனிட்டாவுக்கு மூச்சு வாங்கியது. மூன்று மாடிகளை ஓடியே ஏறி வந்திருந்தாள்.

பேராசிரியை ஹபீபா நிமிர்ந்தார். “யார் சொன்னது?”

“வகுப்புல எல்லார்கிட்டயும் கேட்டோம். நூற்றைம்பதுல நூற்று நாற்பத்தோரு பேர் கம்ப்யூட்டர் பதிவுக்கு ரெடி. நான் ஒரு வார்டையே ஏத்திட்டேன் மேடம். முப்பத்திரண்டு பேர். ஒரே காலையில!”

“காட்டு.”

வார்டுக்கு அழைத்துப் போய் டேப்லெட் கம்ப்யூட்டரைக் காட்டினாள். பெயரைத் தொட்டால் நோய், மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

“நல்லா இருக்கு” என்றார் பேராசிரியை. மனதாரத்தான் சொன்னார்.

பிறகு, “ஏழாம் கட்டில்காரருக்கு வாசிச்சுக் காட்டு” என்றார்.

“அவருக்கா? இது டாக்டர்களுக்கு மேடம்.”

பேராசிரியை ஒரு ஸ்டூலை இழுத்துக் கட்டிலருகே போட்டார்.

ஏழாம் கட்டிலில் பஸ் கண்டக்டர் சங்கிலிமுத்து. நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல்.

ஜெனிட்டா தமிழில் சொல்லச் சொல்ல அவருக்கு ஒரே உற்சாகம்.

“வயசு நாற்பத்தாறு.”

“ரைட்.”

“ஐந்து நாளா காய்ச்சல்.”

“ரைட், ரைட்.”

“பென்சிலின் ஒவ்வாமை, இல்லை.”

“ஹோல்டான்!”

அவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

“இல்லைன்னு யாரும்மா சொன்னது? போன வருஷம் அந்த ஊசியைப் போட்டு மூஞ்சி வீங்கி, மூச்சு அடைச்சு, ரெண்டு நாள் ஐசியூல கிடந்தேன்.”

அப்படி யாரும் சொல்லவில்லை. டேப்லெட்டில் அந்தக் கட்டம் திறக்கும்போதே ‘இல்லை’ என்றுதான் இருக்கும். அவள் அதை அப்படியே விட்டிருந்தாள். முப்பத்திரண்டு பேருக்கும்.

மூன்றாம் கட்டிலருகே நர்ஸ் ஊசித் தட்டோடு வந்துகொண்டிருந்தார். தட்டில் பென்சிலின்.

“சிஸ்டர், நிறுத்துங்க! யாருக்கும் போடாதீங்க!”

ஜெனிட்டா கட்டத்தை ‘உண்டு’ என்று மாற்றினாள். அடுத்த நொடி, நர்ஸ் மேசைக் கம்ப்யூட்டரில் சங்கிலிமுத்துவின் பெயர் சிவப்பாக மின்னியது. கீழே மருந்தகத்திலிருந்து போன் அடித்தது: “ஏழாம் கட்டிலுக்கு அந்த ஊசி வேண்டாமா?”

“வேண்டாம்! வேண்டாம்!” என்று கத்தினாள் ஜெனிட்டா. கண்ணில் நீர் முட்டியது. முகம் சிரித்தது.

பேராசிரியையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் முப்பத்தோரு பேரிடம் கேட்க வேண்டும். எட்டாம் கட்டிலுக்கு ஓடினாள். அங்கே செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவர் படுத்திருந்தார்.

“ஐயா, உங்களைப் பத்தி என்ன எழுதியிருக்கேன்னு வாசிக்கட்டுமா?”

“என்னைப் பத்தியா?”

அவர் மெல்ல எழுந்தார். முடியைக் கையால் ஒதுக்கினார். சட்டைப் பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சத்தமா வாசி, தாயி.”