கரிச்சான் சொன்ன ராணி மான்

ஆனைக்குளத்துக் காட்டில் செம்பி என்றொரு புள்ளிமான் இருந்தது. அதற்கு ஒரே குட்டி, பெயர் பூவரசி. மூத்த குட்டியைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்திருந்த செம்பி, இந்தக் குட்டியின் மேல் உயிரையே வைத்திருந்தது.

அந்தக் காட்டு மான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவை கீழே மேயும்போது மரத்தின் மேல் மந்திகள் இருக்கும். சிறுத்தை தலை தெரிந்ததும் ஒரு மந்தி கத்தும். கத்தினால் உடனே ஓடிவிட வேண்டும். எங்கே, என்ன என்று நின்று கேட்கக் கூடாது.

ஒரு கோடையில் கரிச்சான் குருவி ஒன்று வந்து குளத்தங்கரைப் பட்டமரத்தில் உட்கார்ந்தது. காடு காடாய்ப் பறந்த பறவை. வாயைத் திறந்தால் கதைதான்.

"கிழக்குக் காட்டுல ஒரு மான் இருக்கு. மந்தி கத்தினப்ப எல்லாரும் ஓடினாங்க, அது ஓடல. நின்னு காலைத் தரையில ஓங்கி உதைச்சுது. சிறுத்தை வாலைச் சுருட்டிக்கிட்டுப் போயிடுச்சு. இப்ப அதுதான் அங்க ராணி."

குட்டிகள் வாய் பிளந்து கேட்டன. தாங்களும் காலை உதைத்துப் பார்த்தன. புல் அதிர்ந்து வெட்டுக்கிளிகள் கிளம்பின. கரிச்சான் பறந்து பறந்து தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டது. குட்டிகள் எதுவும் அதைக் கவனிக்கவில்லை.

செம்பி கவனித்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. பூவரசி கண்ட இடத்துக்கு ஓடாமல் மரத்தடியிலேயே கிடந்ததால் தாய்க்கு நிம்மதியாக மேய முடிந்தது. நச்சரிக்காமல் இருந்தால் சரி என்று, பல நாள் தானே கொண்டுபோய் விட்டும் வந்தது.

நாளுக்கு நாள் கதை பெருத்தது. ராணி மானுக்கு மற்ற மான்கள் தளிர் கொண்டுவந்து கொடுக்கின்றனவாம். ஓடுகிற மான்களைப் பார்த்து அது சிரிக்கிறதாம். குட்டிகளும் சிரிக்கத் தொடங்கின. மந்தி கத்தியதும் முதலில் ஓடுகிற குட்டிக்குப் பயந்தாங்கொள்ளி என்று பட்டம் கட்டின. ஒருநாள் அந்தப் பட்டம் பூவரசிக்குக் கிடைத்தது. அன்று முழுக்க அது புல்லைத் தொடவில்லை.

அதெல்லாம் கரிச்சான் அளந்துவிடுகிற கதை என்று செம்பி எவ்வளவோ சொல்லிப் பார்த்தது.

"உனக்கு ஓட மட்டுந்தாம்மா தெரியும்," என்று பூவரசி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் காலையில் மந்தி கத்தியது. கூட்டம் திரும்பிப் பார்க்காமல் ஓடியது. குட்டி பின்னால் வருகிறது என்று நினைத்துச் செம்பியும் ஓடியது. மேட்டில் ஏறித் திரும்பியபோது, பூவரசி குளத்தங்கரையில் தனியாக நின்றுகொண்டிருந்தது. கரிச்சான் தன்னைப் பார்க்கிறதா என்று பட்டமரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு காலைத் தூக்கித் தரையில் உதைத்தது.

இரண்டாம் முறை உதைக்கச் சிறுத்தை விடவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு செம்பி பட்டமரத்தடிக்கு வந்தது.

"அந்தக் கிழக்குக் காட்டு மானை நீ கண்ணால பார்த்தியா?"

"அப்படி ஒண்ணு இருக்கான்னே தெரியாது," என்றது கரிச்சான், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "குட்டிங்க கூடி உதைச்சாப் பூச்சி கிளம்பும். என் பொழப்பு அது. தினமும் கொண்டுவந்து விட்டது நீதானே?"

அந்தப் பறவையின் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபமே செம்பிக்குப் பெரிதாக இருந்தது.

அன்று வெயில் தாழக் குட்டிகள் மறுபடியும் கூடின. கரிச்சான் புதுக் கதை தொடங்கியது. பூவரசி என்று ஒரு வீர மானாம். ஒரே உதையில் சிறுத்தையை விரட்டிவிட்டு, இப்போது மலைக்கு அந்தப் பக்கம் ராணியாக இருக்கிறதாம்.

"பொய்! என் பிள்ளை செத்துப்போச்சு!" என்று செம்பி நடுவே போய் நின்று கதறியது.

"கதை நடக்குது, தள்ளி நில்லுங்க அத்தை," என்றது ஒரு குட்டி.

மற்றக் குட்டிகள் காலைத் தூக்கி உதைத்தன. புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் கிளம்பின.

பிள்ளையின் காதில் ஓதுகிறவன் எதைத் தின்று பிழைக்கிறான் என்று பாராமல் பிள்ளையை அவனிடம் விட்டுவைக்கும் பெற்றோர், கடைசியில் அந்தப் பிள்ளையையே இழப்பார்கள்.