இன்னும் கொஞ்சம் மோர்

தாண்டவராயர் ஆற்றங்கரை மடத்துக்குத் தலைவராகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் மடத்தில் திருட்டு ஆரம்பித்துவிட்டது.

முதலில் தேங்காய் போனது. பிறகு வெல்லம். உக்கிராண அறைக்குப் பூட்டே இல்லாமல் காலம் தள்ளிய மடம் அது. தாண்டவராயர் பூட்டு வாங்கிப் போட்டார். அதற்கப்புறம் தோட்டத்தில் கொய்யா பிஞ்சிலேயே காணாமல் போயிற்று.

அவருக்கு மனசே விட்டுப்போனது. எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுக்கிறவர். யாரையும் அதட்டிப் பேசமாட்டார். சாப்பாட்டில் அவரைப்போல அடக்கமானவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று ஊர் பேசியது. நாலு கவளம், அவ்வளவுதான். அதற்குமேல் போனால் புத்தி மந்தமாகிவிடும் என்பார். கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

மடத்தில் பந்தி ஒரு வேளைதான், உச்சிப் பொழுதில். தலைவர் இலையை மூடினால் மற்றவர்களும் மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவர் வந்த பிறகு பந்தி உட்கார்ந்த சுருக்கில் எழுந்துவிடும். சளசளப்பு இல்லை, வீண்பொழுது இல்லை. மடத்துப் பசுக்கள்கூட இந்த வருஷம் மினுமினுவென்று கொழுத்திருந்தன. வருகிறவர்கள் மாட்டைப் பார்த்துவிட்டுத் தலைவரைப் பாராட்டினார்கள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்பேர்ப்பட்ட மடத்தில் அன்று காலை திருடன் பிடிபட்டான். கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கொண்டிமுத்து. வைக்கோல் போருக்குப் பின்னால் குந்திக்கொண்டு, பிள்ளையாருக்குப் படைக்க ஊறவைத்திருந்த அவலை வாய் நிறைய அடைத்துக்கொண்டிருந்தான்.

"கொண்டிமுத்து, என்ன இது?"

விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவன் திணறினான். எப்போதோ மாடு உதைத்துப் பாதிப் பல் போனவன். எதையும் மென்று இறக்க அவனுக்கு நேரமாகும்.

"பசிச்சுது சாமி" என்றான் கடைசியில்.

"நேத்து எல்லாரும் ஒண்ணாத்தானே உக்காந்து சாப்பிட்டோம்? அதே சோத்தைத்தான் நானும் சாப்பிட்டேன். எனக்குப் பசிக்கலையே?"

கொண்டிமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

மடத்தில் திருடியவன் விளக்கு வைப்பதற்குள் வெளியேற வேண்டும். அது பழைய விதி. மீசை முளைக்கிற வயதில் வந்து சேர்ந்தவன் அவன். போய் நிற்க வேறு வாசல் கிடையாது. தாண்டவராயர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். யாராவது அவனுக்காக ஒரு வார்த்தை பேசினால் தேவலை என்று இருந்தது. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள மூட்டையைக் கட்டிக்க."

சொல்லிவிட்டாரே ஒழிய, சொன்ன வாய் கசந்தது. நேரே ஆற்றில் இறங்கினார். கோடைக்காலம், முழங்கால் தண்ணீர்தான்.

அக்கரைத் தோப்பில் அவருடைய குரு வாகீசர் குடிசை போட்டுக்கொண்டு தனியாக இருந்தார். போதும் என்று தோன்றியதும் மடத்தைத் தாண்டவராயர் கையில் கொடுத்துவிட்டு வந்தவர். இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு தாடியும் நரைத்தவைதான்.

குரு என்றால் தாண்டவராயருக்கு உயிர். ஒரே ஒரு விஷயத்தில்தான் மனத்தாங்கல். வாகீசர் பந்தியில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். எல்லாம் ஆன பிறகும் "இன்னும் கொஞ்சம் மோர்" என்பார். அதைச் சொட்டுச் சொட்டாகக் குடித்துவிட்டு மறுபடியும் "இன்னும் கொஞ்சம் மோர்" என்பார். இவ்வளவு பெரிய ஞானிக்கு நாக்கு மட்டும் அடங்கவில்லையே என்று, பக்கத்து இலையில் உட்கார்ந்து தாண்டவராயர் எத்தனையோ நாள் கூசிப்போயிருக்கிறார்.

வாகீசர் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

"வா, தாண்டவராயா. மொகமே சரியில்லையே."

"சாமி, நல்ல தலைவனுக்கு என்ன கொணம் வேணும்?"

"அதைக் கேக்கவா இந்த வெயில்ல வந்தே?"

தாண்டவராயர் ஒன்று விடாமல் சொன்னார். பூட்டு, அவல், தான் கேட்டது, கொண்டிமுத்து சொன்னது, எல்லாம்.

"கருணை வேணும்னா அவனை மன்னிக்கணும். கண்டிப்பு வேணும்னா அனுப்பணும். ரெண்டுல எங்கிட்ட எது குறையுதுன்னு தெரியலை சாமி."

"சோறு வெந்துருச்சு. சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

வாகீசர் இரண்டு இலை போட்டார். ஆவி பறக்கும் சோறு, கீரை மசியல், சுண்டைக்காய் வத்தக்குழம்பு. காலையிலிருந்து தாண்டவராயர் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. அந்தக் குழம்பு வாசனையில், இன்றைக்கு நாலு கவளத்தோடு நிற்காது என்று அவருக்கே தெரிந்தது.

பிசைந்தார். கை சுட்டது. ஊதி ஊதி ஒரு வாய் வைத்து, அடுத்ததை உருட்டுவதற்குள் வாகீசர் நாலு வாய் அவசரமாகப் போட்டுக்கொண்டு இலையை மூடினார். எழுந்துவிட்டார்.

தாண்டவராயர் திகைத்துப்போனார். மடத்துக்குத் தலைவரானாலும் குருவுக்கு முன்னால் சீடன்தானே. உருட்டிய கவளத்தை இலையிலேயே விட்டு, மூடிக்கொண்டு எழுந்தார்.

"போதுமா?" என்று கேட்டார் வாகீசர்.

"போதும் சாமி."

இலைகள் தோப்புப் பசுவுக்குப் போயின. அது கழுத்து மணி ஆட, ரசித்துத் தின்றது.

"நான் கேட்டதுக்கு..." என்று இழுத்தார் தாண்டவராயர்.

"சொல்றேன். அதுக்கு முன்னால இந்தத் தென்னம்பிள்ளைக்கெல்லாம் தண்ணி எறைச்சு ஊத்திட்டு வா. வாடிக் கெடக்கு."

கிணறு ஆழம். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. வாளி மேலே வரவர, அவருக்குக் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. உட்கார்ந்து பாடம் சொல்கிற உடம்புக்கு நாலு கவளம் போதும். கயிறு பிடித்த உடம்பு வேறு கணக்குக் கேட்டது. வயிறு பற்றி எரிந்தது. குருவின் மேல் கோபம்கூட வந்தது.

தண்ணீர் குடிக்கலாம் என்று குடிசைக்குள் போனார். உத்தரத்தில் ஒரு வாழைத்தார் தொங்கியது. மேல்சீப்பு பழுத்திருந்தது. ஒன்றுதானே என்று பிய்த்தார். இரண்டாவதை முழுசாக வாயில் திணித்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

"தாண்டவராயா, என்ன இது?"

விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்கள் பிதுங்கின. ஒருவழியாக இறக்கிவிட்டுச் சொன்னார்:

"பசிச்சுது சாமி."

"ஒண்ணாத்தானே உக்காந்து சாப்பிட்டோம்? எனக்குப் பசிக்கலையே?" என்றார் வாகீசர். முகத்தில் சிரிப்பு இல்லை.

தாண்டவராயர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டென்று எழும் பந்தி கண்முன் வந்தது. சோற்றோடு மூடப்படும் இலைகள் வந்தன. கொழுத்த பசுக்கள் வந்தன. கூசிப்போனார்.

"ஒருத்தர்கூட எங்கிட்டச் சொல்லலையே சாமி?"

"நான் போதுமான்னு கேட்டப்போ நீ என்ன சொன்னே?"

தாண்டவராயர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். அப்போதுதான் தென்னை நிழல் நீண்டு கிடப்பதைக் கவனித்தார். அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்து ஆற்றங்கரைக்கு ஓடினார். வாகீசர் பின்னால் நடந்து வந்தார்.

எதிர்க்கரைப் படித்துறையில் கொண்டிமுத்து மூட்டையோடு நின்றுகொண்டிருந்தான். எந்தப் பக்கம் போவது என்று அவனுக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

"கொண்டிமுத்து! போயிடாதேப்பா!" மடத்துத் தலைவர் ஆறு அதிரக் கத்தினார். "தப்பு என்னோடது! மூட்டையை உள்ள கொண்டுபோய் வை! நாளைக்குப் பந்தியில என் எதிர் இலையில நீதான் உக்காரணும்!"

கொண்டிமுத்து நம்பாமல் பார்த்தான். பிறகு மூட்டையை மெதுவாகப் படியில் இறக்கி வைத்தான்.

தாண்டவராயருக்கு மூச்சு வந்தது. தண்ணீரில் ஒரு காலை வைத்தவர் நின்று திரும்பினார்.

"சாமி, ஒரு சங்கடம். அவன் தின்னு முடிக்கிறவரைக்கும் நான் இலையை மூட மாட்டேன். ஆனா வழக்கமா எனக்கு நாலு கவளத்துக்கு மேல எறங்காது. சும்மா உக்காந்து அவன் வாயையே பார்த்துக்கிட்டிருந்தா, கூச்சப்பட்டு அவனே எந்திரிச்சிடுவானே. என்ன பண்றது?"

"மோர் கேளு."

"உங்களுக்கு மோர்னா உயிரு, அதனால கேட்டுக் கேட்டு..."

வாகீசர் முகத்தைச் சுளித்தார்.

"எனக்கா? மோர் வாசனையே ஆகாது."