நனையாத தோல்

பெண்டாட்டியையும் மகளையும் விட்டுவிட்டு ஆற்றங்கரை ஆசிரமத்துக்கு வந்தவர் சிவநேசன். ஞானம் தேடி வந்ததாகச் சொல்வார்.

அன்று காலை அவர் பாறையில் உட்கார்ந்து நீர்நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மச்சினன் பூபதி வந்து நின்றான். முகம் வீங்கிக் கிடந்தது.

"மாமா, விடியக்காலம் அக்கா போயிருச்சு."

சிவநேசன் தலையாட்டினார்.

"பொணத்தை எடுக்கப் பாப்பா விடமாட்டேங்குது. அப்பா வரட்டும்னு கால்மாட்டுலயே உக்காந்திருக்கு. வாங்க."

"நான் அதையெல்லாம் தாண்டியாச்சு பூபதி. நீங்களே எடுத்துருங்க."

"எதைத் தாண்டுனீங்க? வீட்டுச் சொவரையா?"

பூபதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படித்துறையில் போய் உட்கார்ந்தான். கிளம்புகிற மாதிரி தெரியவில்லை.

சிவநேசனுக்கு அழுகை வரவில்லை. உள்ளுக்குள் அது பெருமையாகவே இருந்தது. அந்தப் பெருமையோடு குருவைத் தேடிப் போனார்.

குரு கரையோரம் குந்தி, ஒரு நைலான் வலையைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, பெண்டாட்டி செத்த சேதி வந்துச்சு. ஒரு சொட்டுக் கண்ணீர் வரலை. நீங்கதானே சொன்னீங்க, நீர்நாய்க்கு முடி ரெண்டு அடுக்கு. மேல்முடி நனையும், அடிமுடி காத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். ஆத்துலயே கிடந்தாலும் தோல்ல ஈரம் படாதுன்னு. நான் அப்படி ஆயிட்டேனா?"

"இந்தப் பக்கத்தைப் பிடி," என்றார் குரு.

பிடித்தார். கனத்தது. வலைக்குள் ஒரு பெண் நீர்நாய் சுருண்டு கிடந்தது. வாயில் வலைக்கண்ணி. கடித்துப் பார்த்திருக்கிறது.

"மீனைத் துரத்திக்கிட்டுப் போயி மாட்டியிருக்கு. முங்கும்போது காதையும் மூக்கையும் அடைச்சுக்கும். ஆனா அது மீன் இல்லையே. மூச்சுக்கு மேல வந்துதான் ஆகணும்."

எதிர்ப்பாறையில் ஆண் நீர்நாயும் இரண்டு குட்டிகளும் தண்ணீரைப் பார்த்துச் சீழ்க்கை அடித்தன. ஓடின, திரும்பி வந்தன, மறுபடியும் அடித்தன. காலையிலிருந்து அவை விளையாடுவதாகத்தான் சிவநேசன் நினைத்திருந்தார்.

"முடியை விலக்கிப் பாரு," என்றார் குரு.

சிவநேசன் இரண்டு கட்டைவிரலாலும் முதுகு முடியைப் பிளந்தார். மேலே சொதசொதவென்று இருந்தது. அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு முடி. அதற்கும் அடியில் வெளிறிய தோல். தொட்டுப் பார்த்தார்.

"நனையவே இல்லை சாமி!" குரலில் சந்தோஷம்கூட இருந்தது.

"நல்லாத் தொட்டுப் பாத்துச் சொல்லு."

"துளி ஈரம் இல்லை சாமி. அப்படியே காஞ்சு கிடக்கு."

குரு கத்தியைக் கழுவினார்.

"ஆமா. அப்படியேதான் செத்தும் கிடக்கு."