நிற்கத் தெரிந்த செருப்பு

முன்னொரு காலத்தில் பொன்முடி நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். எந்த மலைக்கு எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். நாடு இருந்தது, ராஜா இருந்தார், அவருக்கு மூக்கு நுனியில் கோபமும் இருந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது. மந்திரி கூத்தபிரானுக்கு அந்த மனசின் மேடு பள்ளமெல்லாம் அத்துப்படி. அதைப் பொறுக்காத ஒருவரும் சபையில் இருந்தார்: அரண்மனை அலங்கார அதிகாரி உத்தண்டராயர்.

அயல்நாட்டுத் தூதர் வரப்போகிறார் என்று சேதி வந்ததும், ராயர் காவலர்கள் எல்லாருக்கும் புதுப் பாதரட்சை செய்வித்தார். அடியில் மரக்கட்டை, மேலே ஜரிகை, முன்னால் கிளிமூக்கு மாதிரிக் கூர். பார்த்தவர்களுக்குக் கண் கூசியது; போட்டவர்களுக்குக் கண் கலங்கியது.

சிம்மாசனத்தின் பக்கத்தில் நிற்கும் காவலன் காரிமுத்து. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை நிற்கிற வேலை. பாவம், எத்தனை நேரம்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான்? ஒருநாள் நடுச்சபையில் கால் மடங்கிச் சாய்ந்தான். ஈட்டி 'ணங்'கென்று ராஜாவின் காலடியில் விழுந்தது.

"குடித்திருக்கிறான், பிரபு!" என்று குதித்தார் உத்தண்டராயர்.

ராஜாவின் முகம் சிவந்தது. "இவனை நாட்டை விட்டே துரத்துங்கள்!"

கூத்தபிரான் ஓடிப்போய்க் காரிமுத்துவைத் தூக்கினார். வாயில் கள் வாடையே இல்லை. பாதரட்சைக்குள்ளிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மந்திரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் கொதிக்கிற ராஜாவிடம் நேராக நியாயம் பேசக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும்.

"துரத்தலாம், பிரபு. குற்றம் இவன் மேலா, இவன் செருப்பின் மேலா என்று விசாரித்துவிட்டுத் துரத்தலாமே?"

"செருப்பின் மேல் வழக்கா!" ராஜாவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது.

உத்தண்டராயருக்குச் சுரீர் என்றது. "என் பாதரட்சையில் குறையா? மந்திரியார் இதைவிட நல்லதாக ஒன்று கொண்டுவரட்டும். தோற்றால் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு அவரே இங்கே நிற்கட்டும்!"

"அப்படியே ஆகட்டும். பௌர்ணமியன்று தீர்ப்பு" என்றார் ராஜா.

கூத்தபிரான் நேரே செருப்புத் தைப்பவரிடம் போனார். "அழகை விடப்பா. அடிக்குத் தடித்த எருமைத்தோல், அதன்மேல் மெத்தென்று ஆட்டுத்தோல். விரலெல்லாம் விரிந்து கிடக்க இடம் வேண்டும். குதிகால் நழுவக்கூடாது, நெரியவும் கூடாது. நூலுக்கு நன்றாக மெழுகு போட்டுத் தை. மழையிலும் பிரியக்கூடாது" என்றார். ராஜாவின் அளவுக்கு ஒன்றும் தன் அளவுக்கு ஒன்றுமாக இரண்டு ஜோடி தைத்து வாங்கினார். தன்னுடையதைக் காலில் போட்டுப் பழக்கினார்.

பௌர்ணமி வந்தது. தாம்பாளத்தில் இருந்த மந்திரியின் செருப்பைப் பார்த்த ராஜா, "இது செருப்பா, காய்ந்த அவரைக்காயா?" என்றார். சபை கொல்லென்று சிரித்தது. ராஜா ஜரிகைப் பாதரட்சையை ஆசையாக மாட்டிக்கொண்டார். உத்தண்டராயரும் பெருமையாக ஒரு ஜோடி மாட்டினார்.

"தீர்ப்புக்கு முன்னால் தங்கள் வம்ச வாழ்த்தைப் பாடிவிடலாமே, பிரபு?" என்றார் கூத்தபிரான் பணிவாக.

வேண்டாம் என்று யார் சொல்வது? வம்ச வாழ்த்துக்கு உட்காரத்தான் யாரால் முடியும்? ராஜா முதல் சபை மொத்தமும் எழுந்து நின்றது. 'ஒரு பாட்டனாரையும் விட்டுவிடாதீர்' என்று புலவரிடம் மந்திரி முன்பே சொல்லிவைத்திருந்தார். புலவர் சூரியனிலிருந்து ஆரம்பித்தார்.

முதலில் ராஜா தலையாட்டி ரசித்தார். அப்புறம் வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மாறினார். அப்புறம் இடக்காலிலிருந்து வலக்காலுக்கு. உத்தண்டராயர் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"புலவரே, இன்னும் எத்தனை பாட்டன்கள்?"

"குலத்தில் முதன்முதலாகக் குதிரை ஏறியவருக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன், பிரபு."

"அவரைச் சீக்கிரம் சொர்க்கத்துக்கு அனுப்பும்!"

"எப்படி, பிரபு? அவருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லையே!"

அப்போது தொப்பென்று ஒரு சத்தம். உத்தண்டராயர் தரையில் உட்கார்ந்து, "ஐயோ அம்மா!" என்று பாதரட்சையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

கூத்தபிரான் மெல்லக் கேட்டார்: "பிரபு, ராயர் குடித்திருக்கிறாரோ?"

ராஜா முறைத்தார். பிறகு அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. தானும் பாதரட்சையை உதறி எறிந்தார். "அந்த அவரைக்காயை இப்படிக் கொடும், மந்திரியாரே!" மாட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் மிதித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "புலவரே, அந்தப் பாட்டனாருக்கு நிதானமாகவே கல்யாணம் செய்துவையும். நான் நிற்கிறேன்!"

பாட்டு முடிந்ததும் காரிமுத்துவை அழைத்தார். "கால் நொந்தவனைக் குடிகாரன் என்று நம்பிவிட்டேன். மனசில் வைத்துக்கொள்ளாதே, அப்பா" என்றார். காரிமுத்து கும்பிட்டான். காவலர் எல்லாருக்கும் மந்திரி சொன்ன செருப்பைத் தைக்கவும், முறை மாற்றி உட்கார்ந்து ஓய்வெடுக்கவும் உத்தரவாயிற்று. மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. ராயருக்கும் வேலை கிடைத்தது: காரிமுத்துவின் புண் ஆறும்வரை, தன் ஜரிகைப் பாதரட்சையோடு அவன் இடத்தில் நிற்கும் வேலை.

ஒருநாள் காலையில் உத்தண்டராயர் நொண்டிக்கொண்டே மந்திரி வீட்டுக்கு வந்தார். "எனக்கும் ஒரு ஜோடி..." என்று இழுத்தார்.

"தாராளமாக! அளவு கொடுக்கச் சாயங்காலம் வாருங்கள், ராயரே."

"ஏன், இப்போது கொடுத்தால் என்ன?"

"நின்று நின்று சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கிக் கனக்கும். அப்போது எடுத்த அளவுதான் கடிக்காது. கால் கனக்கிற நேரத்தில் அளவு கொடுக்கலாம். தலை கனக்கிற நேரத்தில் கொடுத்தால்தான் எதுவும் பொருந்தாது!"

ராயர் விழித்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, தன்னைப் பார்த்துத் தானே சிரித்தார்.

அவர்கள் கால் நோகாமல் இருந்தார்கள். கதை கேட்ட நாமும் அப்படியே இருப்போம்.